ஓரம் வெட்டிய ரொட்டி

"வீட்டுல யாருக்குத் தாயி காய்ச்ச?"

தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு நான் நிமிரக்கூட இல்லை. அதற்குள் அன்னம்மாள் அக்காவிடமிருந்து கேள்வி வந்துவிட்டது. கேட்டதோடு நிற்காமல், தாடைக்குக் கீழே இறக்கி விட்டிருந்த முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார். அதைப் போடுவதா, கழற்றுவதா என்று ஊரே குழம்பிக் கிடந்த காலம் அது. காய்ச்சல் என்ற சொல்லை அப்போது எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவர் நன்றாகச் சத்தமாகவே சொன்னார்.

இடம், பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறை. ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, வெயில் இறங்கத் தொடங்கிய நேரம். ஏரலிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அங்கே உரக்கடை வைத்திருக்கும் ஜெபராஜ். இன்னொருவர் அவருடைய அக்கா அன்னம்மாள். எதிர் நாற்காலியில் என் தம்பி சாமுவேல். கதவோரம் அவன் மனைவி பியூலா. வந்தவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

பெண்ணுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். எனக்குச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

தட்டில் இருந்தது சாண்ட்விச். வெண்ணெய், புதினா மல்லிச் சட்னி, மெலிதாகச் சீவிய வெள்ளரிக்காய். நாலு பக்க ஓரத்தையும் நீக்கி, மூலைக்கு மூலை வெட்டி, முக்கோணங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். எனக்கே பார்க்க அழகாக இருந்தது.

"யாருக்கும் காய்ச்சல் இல்லக்கா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றேன்.

"பொறவு எதுக்கு ரொட்டி?"

கதவோரத்திலிருந்து பியூலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'நான் அப்பவே சொன்னேம்லா' என்பதைக் கண்ணாலேயே சொல்லக்கூடியவள் அவள்.

கேசரி வேண்டாம் என்றது ஏன்

போன வாரம் என் அம்மா படுக்கையில் இருந்த வருஷங்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிலர், "டீச்சர், அப்படியானால் நீங்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லையா?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கான பதில் இந்தச் சாண்ட்விச் தட்டில்தான் இருக்கிறது. அதனால் சற்றுப் பொறுங்கள்.

இளவயதில் என்னையும் பெண் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காப்பி. கேசரியை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போவார்கள். சில வீடுகளிலிருந்து பதில் வந்தது. அதைக் கேட்டபோது, சொல்லாமலே இருந்துவிட்டவர்கள் மேல் என்று தோன்றியது. பிறகு அம்மா விழுந்தாள். அவளைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்ததில் வருஷங்கள் ஓடிவிட்டன. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பெண்கள் பள்ளியில் மனையியல் ஆசிரியை வேலை, சொந்தச் சம்பளம், வாசல் கதவுச் சாவி என் கையில் என்று நிம்மதியாகவே இருந்தேன்.

அப்படி இருந்தவள் ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஆயர் மணமக்களுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்து, நிறுத்தும் இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சமையல் கூடத்திலிருந்து பிரியாணி வாசம் உள்ளே வந்துவிட்டது. "ஆகவே இறுதியாக" என்று அவர் இன்னொரு தடவை சொன்னபோது, எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அகப்பட்டுக்கொண்ட இரண்டு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அவர்தான் ஜெபராஜ். ஊரில் எல்லாருக்கும் உரக்கடை அண்ணாச்சி. மனைவி லில்லி நெடுநாள் நோயில் கிடந்து இறந்துபோனாள், பிள்ளைகள் இல்லை என்பதைப் பியூலா பிற்பாடு விசாரித்துச் சொன்னாள். விசாரிக்கச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். அங்கிருந்தும் விசாரிப்பு வந்தது. பேச்சு வளர்ந்தது.

ஒளிப்பானேன், எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. இந்தச் சம்பந்தம் அமையவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வயசான பிறகு வருகிற ஆசைக்கு வெட்கம் ஜாஸ்தி, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

வருகிறார்கள் என்றதும் பியூலா ரவையை எடுத்துவிட்டாள்.

"மைனி, பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் கேசரி இல்லாம எப்படி? அவங்க ஊருல என்ன பேசுவாங்க?"

"கேசரி கிண்டி நான் கண்ட சுகம் போதும். எனக்கு எது நல்லா வருமோ அதச் செய்யுதேன்."

"அதுக்காகப் பிரெட்டா?"

"பிரெட்டு இல்ல. சாண்ட்விச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான மைனி?"

இல்லை. ஒன்றே இல்லை. இதை இத்தனை வருஷமாக வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன்.

பிரெட் வாங்கினால் துக்கம் விசாரிப்பார்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் பிரெட் பொட்டலம் நுழைந்தால், தெருவுக்குத் தகவல் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் கையில் பிரெட்டும் சாத்துக்குடியும் இருக்கும். காய்ச்சல்காரன் பக்கத்தில் பால் தம்ளரும் பிரெட் துண்டும் இருக்கும். காய்ச்சல் விட்டு எழுந்தவன் முதலில் செய்வது, மீதிப் பிரெட்டை வேறு யார் தலையிலாவது கட்டுவது.

எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரர் கேக்கைச் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார். பிரெட் கேட்டால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்.

"யாருக்கு டீச்சர் சொகமில்ல?"

"பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு."

"ஓ" என்பார். நம்பமாட்டார். கூட இரண்டு ரஸ்க் போட்டு, "பாத்துக்கிடுங்க" என்று அனுப்புவார்.

இப்படிப்பட்ட ஊரில் பிரெட்டை விருந்துத் தட்டில் ஏற்றவேண்டுமானால் ஒரே வழிதான். அதை வெட்டவேண்டும். முழுத் துண்டாகத் தட்டில் கிடந்தால் அதைப் பார்க்கிறவனுக்கு மருந்து வாடை அடிக்கும். மூலைக்கு மூலை வெட்டி நிறுத்தினால், அதே பிரெட் பிறந்தநாள் வீட்டுக்கு வந்துவிடும். முழுசாக வைத்தால் நோயாளி, வெட்டி வைத்தால் விருந்தாளி. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. என் சொந்தச் சரக்கு.

வெட்டினால் ருசி மாறுமா?

மாறுமா என்று கேட்பவர்களை எங்கள் ஊர் அவியல் முன்னால் உட்கார வைக்கவேண்டும்.

அதே வாழைக்காய், அதே கத்தரிக்காய், அதே சேனை, அதே தேங்காய் அரைப்பு. விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் அவியல். அதே காய்களைப் பொடியாகச் சதுரம் சதுரமாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவரும் அவியல் என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். "கூட்டு நல்லாருக்கே" என்பார்கள். வாழைக்காய் பஜ்ஜியும் அப்படித்தான். நீளமாகச் சீவினால் கடை பஜ்ஜி. வட்டமாகச் சீவினால், காய் கொஞ்சமாக இருந்ததால் சமாளித்த பஜ்ஜி. மாவும் எண்ணெயும் ஒன்றுதான். நாக்கு ஒப்புக்கொள்வதில்லை.

சாண்ட்விச்சை நேராக இரண்டாக வெட்டினால் ஒரு நீளக் கட்டி கிடைக்கும். வாயை எவ்வளவு பிளந்தாலும் அதன் இரண்டு மூலையும் இரண்டு கன்னத்திலும் இடிக்கும். பச்சைச் சட்னி மீசை வைத்துவிடும். விருந்துக்கு வந்த இடத்தில் யார் மீசையோடு உட்கார்ந்திருப்பது? முக்கோணத்துக்கு நுனி இருக்கிறது. அது சத்தம் போடாமல் உள்ளே போய்விடும்.

அதோடு, மூலைக்கு மூலை போகிற வெட்டு நீளமானது. உள்ளே வைத்தது நன்றாக வெளியே தெரியும். வெள்ளை, பச்சை, நடுவே வெள்ளரிக்காயின் கண்ணாடி நிறம். கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வாய் தயாராகிவிடுகிறது. நேராக வெட்டி அடுக்கிய தட்டைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். பிரித்துப் பார்த்த சாண்ட்விச் யாருக்கும் ருசிக்காது.

இன்னொன்றும் உண்டு, அது நம் ஆட்களுக்கே உள்ளது. விருந்து வீட்டில் தட்டை நீட்டும் முன்பே "போதும் போதும்" என்பவர்கள் நாம். முழுசாக ஒன்றை எடுக்க நமக்குக் கூச்சம். சின்ன முக்கோணம் என்றால், "சும்மா ஒண்ணு" என்று எடுக்கலாம். கொஞ்சம் பேச்சு, பிறகு இன்னொரு சும்மா ஒண்ணு. மானம் போகாமல் வயிறு நிறையும்.

வெட்டுகிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. கத்தியை அமுக்கினால் பிரெட் நசுங்கி, சட்னி பக்கவாட்டில் வழியும். அமுக்காமல் முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். "பைய, பைய" என்று நான் சொல்வதைப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவார்கள். நன்றாகவே நடிப்பார்கள்.

ஒருமுறை செய்முறைத் தேர்வுக்கு வள்ளியூரிலிருந்து ஒரு டீச்சர் மதிப்பிட வந்திருந்தார். கண்டிப்பானவர், ஆனால் நல்ல பசியில் இருந்தார். இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே கிண்ணத்துச் சட்னியைப் பங்கு போட்டுச் செய்திருந்தார்கள். ஒருத்தி நேராக வெட்டியிருந்தாள், இன்னொருத்தி மூலைக்கு மூலை. வள்ளியூர் டீச்சர் இரண்டையும் கடித்துப் பார்த்துவிட்டு, முக்கோணத்தைக் காட்டி, "இதுல உப்பு சரியா இருக்கு" என்றார். மற்றதில் உப்புக் குறைவாம்.

பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நானும் தேர்வு முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. காப்பி குடிக்கும்போது, இரண்டும் ஒரே கிண்ணத்துச் சட்னிதான் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கண்ண மூடிட்டுத் தின்னா ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். ஆனா கண்ண மூடிட்டு யாரு திங்கா?" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

தொடாத கை

மறுபடி என் வீட்டு முன்னறைக்கு வாருங்கள். அன்னம்மாள் அக்கா கேட்ட கேள்வி அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

"இது விருந்துல வைக்கிற ரொட்டிக்கா. எடுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். முகக்கவசத்தை இறக்கினார். கடித்தார். மென்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

"ருசியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா ஆண்டவரு அப்பத்தப் பிட்டுத்தான குடுத்தாரு? இப்படி ஓரத்த அரிஞ்சா குடுத்தாரு?"

தம்பி சிரித்தான். பியூலாவும் சிரித்தாள். நான் ஜெபராஜைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் தோள் குலுங்கிய மனிதர் அந்த நேரத்தில் சிரிக்கவில்லை.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் முழங்காலின் மேல் இருந்தன.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் பியூலா.

"எடுக்கேன்மா" என்றார். எடுக்கவில்லை.

என் தம்பிக்கு மௌனம் ஆகாது. பிசான நெல்லுக்கு அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டான். ஜெபராஜ் மரியாதையாகப் பதில் சொன்னார். மருதூர் பக்கம் நாற்றுப் பாவிவிட்டார்கள் என்றார். சொல்லும்போதே ஒரு முக்கோணத்தை எடுத்தார். இரண்டு விரலில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் பத்திரமாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். சாண்ட்விச் போனால் போகட்டும். என்னையே பிடிக்கவில்லை, அதை எப்படிச் சொல்வது என்று மனிதர் தவிக்கிறார் என்று நினைத்தேன். இந்த வயசில் இது உனக்குத் தேவைதானா என்று என்னை நானே திட்டிக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனேன்.

அடுக்களையில் அன்னம்மாள்

குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அன்னம்மாள் அக்கா பின்னாலேயே வந்தார். தண்ணீரை வாங்கி மேடையில் வைத்தார், குடிக்கவில்லை.

"தாயி, ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என்னதுக்கா?"

"லில்லி கெடையில கெடந்தால்லா. சோறு எறங்கல, இட்லி எறங்கல. ரொட்டிதான். இவன் மத்தியானம் கடையப் பூட்டிட்டு ஓடி வருவான். சுத்திலும் ஓரத்த அரிஞ்சி எடுத்துட்டு, நடுவ மட்டும் இந்தா, இப்படியேதான், மூலையா மூலையா வெட்டுவான். அந்த மொனையப் பால்ல முக்கி வாயில வச்சா அவளுக்கு எறங்கும். வேற எப்படி வெட்டினாலும் தொண்டையில நிக்கும்."

அவர் சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ போன பொறவு எங்க வீட்டுக்குள்ள ரொட்டி வரல தாயி. நாந்தான் தட்டப் பாத்ததுமே வாய மூடாம காய்ச்ச கீய்ச்சன்னு பேசி, அவன சமாளிச்சிருவோம்னு பாத்தேன். முடியல."

எதைச் செய்தால் பிரெட்டிலிருந்து நோய் போய்விடும் என்று நான் நினைத்தேனோ, அந்த மனிதருக்கு நோய் என்றால் அதுதான். ஓரம் நீக்கிய பிரெட். மூலைக்கு மூலை வெட்டு. வகுப்பு வகுப்பாக நான் பெருமையடித்த அந்த நுனி ஒரு சாகிற பெண்ணின் வாய்க்குள் போன நுனி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கண் இருக்கிறது என்று நினைத்து நான் தட்டை அலங்கரித்திருக்கிறேன்.

எனக்கு அது புரியாமலும் இல்லை. அம்மா போனபிறகு இந்த அடுக்களையில் நான் கோதுமைக் கஞ்சி காய்ச்சியதில்லை. யாராவது காய்ச்சினால் எழுந்து வெளியே போய்விடுவேன். ரொம்பப் பாவமாக இருந்தது, அவரை நினைத்தும் என்னை நினைத்தும்.

"தட்ட எடுத்துட்டு வந்திரட்டாக்கா?"

"இப்பம் எடுத்தா இன்னும் பட்டவர்த்தனமாத் தெரியும். பேசாம காப்பியக் குடு. குடிச்சிட்டுக் கெளம்புதோம்."

கிளம்புகிறோம் என்ற சொல் எனக்கு உறைத்தது. இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். பாலை அடுப்பில் வைத்தேன். கண் கரித்தது.

"டீச்சர்."

திரும்பினால் அடுக்களை வாசலில் ஜெபராஜ். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை அடுக்களைக்குள் வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னால் பியூலா கழுத்தை எக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏலே, இங்கன எதுக்கு வார?" என்றார் அன்னம்மாள் அக்கா.

அவர் அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை. "டீச்சர், ஓரத்த என்ன செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கட்லெட்டுக்குத் தூள் பண்ணலாம்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றேன். மனையியல் டீச்சர் எதையும் தூரப் போடமாட்டாள்.

"அதக் கொஞ்சம் தாங்களேன்."

கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அடுக்களை மேடையில் சாய்ந்துகொண்டு, ஓரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். முன்னறைத் தட்டைப் பார்த்த முகம் இல்லை இது. பசியோடு தின்றார்.

"அவளுக்கு நடு, எனக்கு ஓரம்" என்றார். "ரொம்ப நாளு அதுதான் என் சாப்பாடு. தனியா எனக்குன்னு ஒண்ணும் செய்யத் தோணாது. பாக்க வாரவங்க பாவம்னு பாப்பாங்க. ஆனா ஓரம் நல்லாத்தான் டீச்சர் இருக்கும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலைக்கு மூலை

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வகுப்பில் ஒரு செய்முறை பிசகிவிட்டால் நான் வருத்தம் தெரிவித்துக்கொண்டு நிற்பதில்லை, மறுபடி செய்துகாட்டுவேன். எனக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான்.

பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு, பொட்டலத்திலிருந்து இரண்டு பிரெட் துண்டுகளை எடுத்தேன். வெண்ணெய் தடவினேன். சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். வெள்ளரிக்காயை அடுக்கி மூடினேன். பலகையில் வைத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு அவரைக் கேட்டேன்.

"எப்படி வெட்டட்டும்?"

அவர் அதைப் பார்த்தார். கேள்வி எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"ஓரத்தோட" என்றார்.

"நேராவா, மூலைக்கு மூலையா?"

கொஞ்சம் யோசித்தார். "மூலைக்கு மூலைதான் நல்லாருக்கும்னு எனக்கும் தெரியும். டீச்சருக்குத்தான் தெரியணும்னு இல்ல" என்றார். உதட்டில் அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது.

அமுக்காமல் இழுத்து வெட்டினேன். இரண்டு முக்கோணம். ஒன்றை அவரிடம் கொடுத்தேன், மற்றதை நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் அதுவரை என் கண்ணில் படாத ஒன்று அப்போது பட்டது. ஓரத்தோடு மூலைக்கு மூலை வெட்டினால், இரண்டு பங்கிலும் ஓரம் இருக்கிறது, இரண்டு பங்கிலும் நடுவும் இருக்கிறது. ஒருவருக்கு மெத்தென்றும் இன்னொருவருக்குக் கெட்டியாகவும் போவதில்லை.

அவர் ஓரப் பக்கமாகத்தான் வாய்க்குக் கொண்டுபோனார். பழக்கம். பாதியில் நிறுத்தி, பிரெட்டைத் திருப்பி, வெட்டிய பக்கமாகக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"நடு இப்படி இருக்கும்னே மறந்து போச்சு" என்றார்.

நான் ஓரத்திலிருந்து தொடங்கினேன். அவர் சொன்னது உண்மைதான், நன்றாக இருந்தது.

அடுக்களையில் நாலு பேர், முன்னறையில் தனியாகத் தம்பி. அவன் மட்டும் "எல்லாரும் எங்க போயிட்டிய?" என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். பியூலா அவனைக் கையமர்த்தினாள்.

கடைசி வாயை விழுங்கிவிட்டு ஜெபராஜ் சொன்னார். "ஒண்ணு சொல்லணும் டீச்சர். மறச்சுச் செய்யக்கூடாது. ஏரல்ல பஸ் ஏறுனதுல இருந்து எனக்கு ஒரே பயம். உங்களப் பிடிக்காம இல்ல. பிடிச்சதுனாலதான் பயம். இன்னொரு மட்டம் ஒருத்தரக் கெடையில போட்டுப் பாக்குத தெம்பு எனக்கு இல்ல."

இறக்கி வைத்த பால் ஆறிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் வராது, நான் திடமாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது வயசில் யார் அப்படி உத்தரவாதம் கொடுப்பது? பொய்யை அஸ்திவாரமாகப் போட எனக்கு மனம் வரவில்லை. சம்பந்தம் போனாலும் போகட்டும் என்று உள்ளதைச் சொன்னேன்.

"நம்ம வயசுக்கு யாராவது ஒருத்தர் முந்திப் படுக்கத்தான் செய்வோம். எங்கம்மாவ நான் பாத்திருக்கேன். அது என்ன பாடுன்னு எனக்கும் தெரியும். நீங்க முந்திப் படுத்தா நான் பாத்துக்கிடுதேன். நான் முந்திப் படுத்தா…"

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அந்த இடத்தை நான் எப்படி நிரப்புவது? அவரல்லவா நிரப்பவேண்டும்?

அவர் என்னைப் பார்த்தார். பலகையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த சட்னியை நிதானமாகத் துடைத்தார்.

"அந்த நாள் வரும்போது வரட்டும். அப்பம் ஓரத்த அரிஞ்சு தாரேன்" என்றார். "அதுவரைக்கும் ஓரத்தோடயே வெட்டுங்க டீச்சர், ரெண்டு பேரும் திம்போம்."

"சரி" என்றேன்.